அரை ஆளா, முழு ஆளா: பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போன கதை

ஊர் சுற்ற எனக்குப் பிடிக்கும்; கோர்ட்டுக்குப் போகத்தான் பிடிக்காது. ஆனாலும் ஆனி மாதத்தில் ஒரு நாள், அம்பத்தூரில் என் அரிசி மண்டியைப் பூட்டிவிட்டுப் பூந்தமல்லிக்குக் கிளம்பவேண்டி வந்தது. என் தங்கை புருஷன் பாரிவாக்கத்துச் செங்கல் சூளையில் மேஸ்திரி. சித்திரையில் ஒரு கூலித் தகராறில், அங்கே வேலை செய்த பையன் ஒருவன் மம்பட்டிக் காம்பால் அவர் மண்டையைப் பிளந்துவிட்டான். அவர் பிழைத்தது தங்கையின் தாலி பாக்கியம். அந்தப் பயல் ஜெயிலில் களி தின்னாமல் விடுவதில்லை என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

அடிபட்டதிலிருந்து மாப்பிள்ளை என் வீட்டில்தான் இருந்தார். இருவரும் காலை ஏழு மணி ரயிலில் ஏறினோம். ஆவடிக்கு ஐந்து மைல், மூன்றாம் வகுப்பு ஒன்றேகால் அணா. அங்கிருந்து பூந்தமல்லிக்கு ஜட்கா; ஆறு மைலுக்கு முழு வண்டி பன்னிரண்டு அணா. ஒரு ரூபாய் கேட்பார்கள், நடக்க ஆரம்பித்தால் இறங்கி வருவார்கள்.

வண்டியில் மாப்பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டே வந்தேன். பையனுக்கு வயது பதினாறு தாண்டியிருந்தால் இரண்டு வருஷம் கடுங்காவல். தாண்டாவிட்டால் செங்கல்பட்டில் உள்ள சர்க்கார் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி. அவன் பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. "பதினெட்டுன்னு சொல்லுங்க மாப்ளே" என்றேன். அவர் தலையில் போட்டிருந்த காயக்கட்டைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்தார்.

வண்டிக்காரருக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "உள்ள போட்டா இன்னா நைனா கத்துகினு வருவான்? இப்ப மம்பட்டி, அப்பால கத்தி."

"உன் மண்டையா உடைஞ்சுது? குதிரையைப் பார்த்து ஓட்டுப்பா" என்றேன்.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கோர்ட் தாழ்வாரத்தில் கைதிகள் மூவரை ஒரே கயிற்றில் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். இருவர் தாடி வைத்த கன்னக்கோல் திருடர்கள். நடுவில் எங்கள் ஆள். இத்தனை நாள் மனசுக்குள் அவனை ஒரு ராட்சசனாக வளர்த்து வைத்திருந்தேன். எழுந்து நின்றபோது அந்தத் திருடர்களின் தோளுக்குக்கூட வரவில்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது.

உள்ளே மாஜிஸ்திரேட் முன்னால் அடித்ததை அவன் மறுக்கவில்லை. வயதுதான் பிரச்சினை. டாக்டர் பல்லைப் பார்த்துப் பதினைந்திலிருந்து பதினெட்டுக்குள் என்றாராம். அதைச் சொல்ல ஒரு டாக்டரா! அவன் தாய், "பதினஞ்சுதான் சாமி, பெரிய வெள்ளம் வந்த வருசம் பொறந்தான்" என்று அழுதாள். எந்த வெள்ளம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்போது பையனே கத்தினான். "அது பொய்யி. எனுக்குப் பதினெட்டு. முழு ஆளு வேல செய்றேன், நான் முழு ஆளு!"

தாய் வாயில் அடித்துக்கொண்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டானே என்று எனக்கே பதறியது. மாஜிஸ்திரேட் எங்கள் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "இவனுக்கு நீர் என்ன கூலி கொடுத்தீர்?"

தகராறே அதுதான். சூளையில் பெரியவர்களுக்கு முழுக் கூலி, பிள்ளைகளுக்கு அரைக் கூலி. இவன் பெரியவர்களுக்குச் சமமாக மண் வெட்டிவிட்டு முழுக் கூலி கேட்டான். "நீ அரை ஆளுடா" என்று மாப்பிள்ளை சிரித்தார். மம்பட்டி எழும்பியது அதற்குத்தான்.

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. "அரை ஆள் கூலிதாங்க. சின்னப் பையன்தானே" என்றார்.

அதோடு முடிந்தது. பதினெட்டு வயது ஆகும்வரை செங்கல்பட்டுப் பள்ளி என்று தீர்ப்பு. வெளியே வந்ததும் மாப்பிள்ளை மேல் பாய்ந்தேன். "அரை ஆளுன்னு சொல்லிக் கூலியப் புடிச்சேன் மச்சான். இப்ப முழு ஆளுன்னு சொல்ல நாக்கு வரலே" என்றார். திட்ட வாயெடுத்தேன்; பெருமூச்சுதான் வந்தது. அந்தத் தாடிக்காரர்களோடு அவன் இரண்டு வருஷம் படுத்து எழுந்திருக்க வேண்டாம் என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று அப்போதுதான் தெரிந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கோர்ட் எதிரே சாப்பாடு நாலணா. ரசத்தை நம்பாதீர்கள், மோரை நம்பலாம். திரும்பும்போது ஜட்காவை மூன்று மணிக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம் குதிரைக்குக் கொம்பு முளைத்துவிடும்.

திரும்பும் வழியில் பையனின் தாய் வெயிலில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வண்டியை நிறுத்தச் சொன்னார். அவள் ஏற மாட்டேன் என்றாள். எங்களோடு ஏறி அவளுக்குப் பழக்கமில்லை, எங்களுக்கும்தான். நான் உள்ளே நகர்ந்து இடம் விட்டேன். விளிம்பில் ஒட்டி உட்கார்ந்தாள்.

பாரிவாக்கம் வரும்வரை ஒரே கேள்விதான் கேட்டாள். "செங்கப்பட்டுக்கு எப்டிப் போறது சாமி?"

எழும்பூரில் ரயில் ஏறினால் முப்பத்தைந்து மைல், ஒன்பது அணாவுக்குள் ஆகும், காலையில் போனால் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடலாம் என்றேன். அவள் விரலை மடக்கி மடக்கி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"அப்போ போயி பாத்துட்டு வந்துடலாம்" என்று சொல்லி இறங்கிக்கொண்டாள்.