இண்டர்வியூவில் நான் நிகழ்த்திய வரவேற்புரை

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு கல்லூரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு இண்டர்வியூ பயிற்சி. 'தன்னை அறிமுகம் செய்துகொள்வது எப்படி?' என்று நான் அரை மணி நேரம் பேச வேண்டுமாம்.

எனக்கு முன்னால் பேசிய பயிற்சியாளர் கோட் போட்டிருந்தார். தஞ்சாவூர் வெயிலில் கோட்! அறிமுகம் ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிய வேண்டும் என்றார். பெயர், ஊர், படிப்பு, திறமை, லட்சியம் – இந்த வரிசை மாறவே கூடாது என்றார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பழக்கதோஷத்தில் நானும் எழுதிக்கொண்டேன்.

அப்புறம் மைக் என் கைக்கு வந்தது. என்னத்தைச் சொல்வது? நான் வாழ்க்கையில் போனது ஒரே ஒரு இண்டர்வியூ. அதில் என் பெயரைக்கூட நான் சொல்லவில்லை. வேலை கிடைத்துவிட்டது...

அதைத்தான் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். கோட்காரர் சிரிக்கவில்லை. நீங்களும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். ஆட்சி மாறி, ஊருக்கு ஊர் கொடிக்கம்பமும் படிப்பகமும் முளைத்திருந்த நேரம். எங்கள் ஊர் நன்னிலம் பக்கம். அங்கே எனக்கென்று ஒரு பதவி இருந்தது – பொதுக்கூட்டத்தில் வரவேற்புரை.

லேசான வேலை என்று நினைக்காதீர்கள். கூட்டம் நாலு மணிக்கு என்று நோட்டீஸில் இருக்கும். பேச்சாளரின் கார் ஆறு மணிக்கு வரும். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரம் என் பொறுப்பு. 'அவர்களே' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைமை தாங்குகிறவர் அவர்களே, முன்னிலை வகிப்பவர் அவர்களே, பந்தல் போட்டவர் அவர்களே, மைக் செட் கட்டியவர் அவர்களே... கார் ஹாரன் கேட்டதும் 'வருக வருக' என்று முடித்து இறங்கிவிட வேண்டும். பி.யு.சி. பாஸ் செய்ததைத் தவிர எனக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான்.

அப்போதுதான் பாபநாசத்தில் ஒரு கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க் வேலைக்கு அழைப்பு வந்தது. இடம் ஒன்று. ஆட்கள் பன்னிரண்டு.

என் அப்பா மாரிமுத்து அன்றாடம் வயலுக்குப் போகிற கூலித் தொழிலாளி. எனக்குப் பின்னால் மூன்று தங்கைகள். இந்த வேலை கிடைக்காவிட்டால் நானும் அரிவாளை எடுத்துக்கொண்டு அப்பாவோடு அறுப்புக்குப் போக வேண்டியதுதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அறுக்க வராது. இது ஊருக்கே தெரியும்.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. சொசைட்டியின் தலைவர் ஒரு மிராசுதார். அவருடைய மைத்துனருக்கு எங்கள் ஊரில்தான் நிலம். முந்தைய அறுவடையில் கூலி உயர்வு கேட்டு அந்த நிலத்தில் நாலு நாள் அறுப்பை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர்களில் முன்னால் நின்றவர் யார் என்கிறீர்கள்? எங்கள் அப்பாதான்.

"கேட்டா உள்ளதைச் சொல்லு. கேக்காட்டி நீயா எடுத்துக் கொட்டாத" என்று சொல்லித்தான் அப்பா என்னை பஸ் ஏற்றிவிட்டார்.

கேட்காமல் இருப்பார்களா? எங்கள் பக்கத்தில் ஒருவனைத் தெரிந்துகொள்ள இரண்டே கேள்விதான். யார் வீட்டுப் பிள்ளை? எந்தத் தெரு? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் மூன்றாவது கேள்விக்கு அவசியமே இருக்காது.

உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஆபீசர். வலது பக்கம் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு தலைவர். இடது பக்கம் சிவப்புத் துண்டோடு விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். பிரச்சினை வரக்கூடாதென்று அவரையும் உட்கார வைத்திருந்தார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பங்கள் ஆபீசரிடம் மட்டும். எங்களை நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டார். நான் பன்னிரண்டு.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார் ஆபீசர்.

'என் பெயர்' என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன். வாய் தனக்குப் பழகிய பாதையில் போய்விட்டது.

"இந்த நேர்முகத் தேர்வுக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே..."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். உடனே துண்டுக்காரர் கனைத்தார். அந்தக் கனைப்புக்கு அர்த்தம் எனக்கா தெரியாது? அவரை 'முன்னிலை வகிக்கும் உழைக்கும் மக்களின் உரிமைக் குரல்' ஆக்கினேன். இப்போது தலைவர் கனைத்தார்.

ஒருவருக்கு ஓர் அடைமொழி கூடினால் மற்றவருக்கும் கூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் மேடையில் நாற்காலி பறக்கும். ஆகவே தலைவருக்குக் 'காவிரிக்கரையின் வள்ளல்' என்று ஒன்று போட்டேன். துண்டுக்காரருக்கு 'வயல்வெளியின் வேங்கை' என்று ஒன்று. தலைவருக்கு இன்னொன்று... இவருக்கு இன்னொன்று...

ஆபீசர், 'கொளுத்தும் வெயிலையும் பொருட்படுத்தாது வருகை தந்திருக்கும் சிறப்பு விருந்தினர்' ஆனார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டீ கொண்டுவந்த பியூன் கலியபெருமாளையும் – பெயர் அப்புறம் தெரிந்துகொண்டது – நான் விடவில்லை. தட்டோடு அப்படியே நின்றுவிட்டார் மனிதர். வெளியே பெஞ்சில் 'திரளாகக் கூடியிருந்த' பதினோரு பேரையும் அழைத்து முடித்தேன்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு கும்பகோணம் பஸ் ஹாரன் அடித்தது.

அவ்வளவுதான். கார் வந்துவிட்டதாக என் வாய் முடிவு செய்துகொண்டது. அனைவரையும் வருக வருக என்று வரவேற்று, வாய்ப்புக்கு நன்றி கூறி, ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர்களுடைய ஆபீசுக்கு அவர்களையே வரவேற்றுவிட்டு!

வாசல் தாண்டிய பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போக வெட்கம். பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். ஒரு வேலையை இப்படியா தொலைப்பான் ஒருவன்? தங்கைகள் முகத்தில் எப்படி முழிப்பது? அப்பா கேட்டபோது, பொய் எதுவும் சொல்லவில்லை என்று மட்டும் சொன்னேன். அது சத்தியமான உண்மை.

பத்தாம் நாள் ஆர்டர் வந்தது.

எப்படி? வேலையில் சேர்ந்த அன்று கலியபெருமாள்தான் விஷயத்தைச் சொன்னார். மற்ற பதினோரு பேரும் பிரமாதமாக அறிமுகம் செய்துகொண்டார்களாம். அப்பா பெயர், ஊர், தெரு – எல்லாம் கணீரென்று. அதனாலேயே ஒவ்வொருவரையும் ஒருத்தர் வேண்டும் என்றால் இன்னொருத்தர் வேண்டாம் என்றாராம். என் விஷயத்தில் மட்டும் தகராறு இல்லை. மரியாதை தெரிந்த பிள்ளை, நம்ம வகையறாவாகத்தான் இருக்கும் என்று தலைவர் ஆபீசரின் வலது காதில் சொன்னாராம். மேடை ஏறிய பையன், நம்ம தோழர்தான் என்று துண்டுக்காரர் இடது காதில் சொன்னாராம். ஆபீசர் என் விண்ணப்பத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, எதுவுமே பேசாமல் இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டாராம். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.

மூன்று வருஷம் ஓடியது. தலைவருக்கு என்மேல் அப்படி ஒரு பிரியம். நான் படித்துப் பார்க்காத கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டார். அவர் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வரவேற்புரைகூட நான்தான்.

ஒருநாள் மத்தியானம் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார். "ஏன் தம்பி, இத்தனை நாளா கேக்கவே இல்ல பாரு... நீ யார் வீட்டுப் பிள்ளை?"

கேட்டுவிட்டார். உள்ளதைச் சொன்னேன். அப்பா பெயர், ஊர், தெரு, நாலு நாள் நின்றுபோன அறுப்பு – ஒன்றையும் விடவில்லை. இந்த முறை வாய் வேறு பாதையில் போகவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

"சொல்லியிருந்தா, இன்னைக்கு நீங்க கேக்கறதுக்கு நான் இங்க உக்காந்திருப்பேனுங்களா?"

அவர் டம்ளரை எடுத்து மிச்சக் காப்பியைக் குடித்து முடித்தார். 'தம்பி' என்று கூப்பிடுவதை மட்டும் கடைசிவரை நிறுத்தவில்லை.