கோழிக்கூட்டுப் பூட்டு

சீ, இதெல்லாம் ஒரு விளையாட்டோ! சப்பாத்தும் கழட்டாம இருந்து எழுதுறன்.

வில்லரேயில சசி அண்ணை வீட்டில ஞாயிற்றுக்கிழமைகளில இருபது முகத் தாயக்கட்டை உருட்டிக் கதை விளையாட்டு விளையாடுறனாங்கள்; கேட்ட எண்ணோ அதுக்கு மேலயோ விழுந்தாத்தான் காரியம் நடக்கும். கதையை நடத்துறது அவர். நான் அதில ஒரு கள்ளன். ஓவர்டைமை விட்டிட்டு ஒரு வருஷமாப் போய், என்ர கள்ளனைக் கெட்டிக்காரனாக்கி, லெவல் ஒண்டில இருந்து ஒன்பதுக்குக் கொண்டு வந்திட்டன்.

இண்டைக்குக் கதையில திரும்பவும் அதே ஊர், அதே கோழிக்கூடு. லெவல் ஒண்டில நான் பத்துப் போட்டுத் திறந்த பூட்டு. இண்டைக்குப் பதினெட்டு வேணுமாம்.

"அண்ணை, பூட்டை மாத்திட்டினமோ?"

"இல்லை. நீர் இப்ப லெவல் ஒன்பதெல்லோ? உமக்கேத்த கஷ்டம் இருக்கோணும்."

உருட்டினன். பதினைஞ்சு. திறக்கேல்லை.

பக்கத்தில மதுரா. இண்டைக்குத்தான் சேர்ந்தவ, லெவல் ஒண்டு.

"அப்ப எனக்கு, அண்ணை?"

"உமக்குப் பத்துக் காணும்."

பதினொண்டு விழுந்தது. திறந்திட்டுது. அதே பூட்டு! அண்ணை கை தட்டுறார்.

அரண்மனைக் கதவு கஷ்டமா இருக்கட்டும், ஆர் வேண்டாமெண்டது? நான் வளர்ந்தா கோழிக்கூடுமோ வளரும்?

வாற ஞாயிறு என்ர கள்ளனை ஆத்தில தள்ளிப்போட்டு, லெவல் ஒண்டில தொடங்கப் போறன். அங்க கெட்டிக்காரனாகிறதுக்கு அதுதான் வழி. வேற வழி தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.