இரண்டு சக்கரச் சாரட்டு

ஒரு குடும்பத்தின் பிழைப்பை நான் ஒரே பேச்சில் கெடுத்தேன். சொன்னதில் பிழையில்லை என்றும் வெகுகாலம் நம்பியிருந்தேன்.

ஆம்பூரில் ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த நண்பனின் அப்பா, இரண்டு சக்கரக் குதிரை வண்டியான ஜட்கா ஓட்டினார். ஆட்டோக்கள் வந்தபின் ரயிலடியில் அவர் வண்டிக்கு ஆளில்லை. ஜட்காவின் கூண்டைக் கழற்றி, வெள்ளிநிறப் பெயின்ட் அடித்து, சிவப்பு வெல்வெட் மெத்தை போட்டு, பின்னால் ‘கல்யாணச் சாரட்டு’ என்று எழுதினார். முதல் சவாரி எங்கள் சித்தப்பாவின் மாப்பிள்ளை அழைப்பு.

பள்ளி அகராதியில் சாரட்டின் படத்தை நான் பார்த்திருந்தேன். கூட்டத்தில் உரக்கச் சொன்னேன்: “இது சாரட்டு இல்ல. சாரட்டுக்கு நாலு சக்கரம். இது ஜட்கா.”

“இன்னாப்பா, பெயின்ட் அடிச்சா ஜட்கா சாரட்டாயிடுமா? புள்ள புக்குல பாத்துட்டு சொல்றான்” என்றார் பெரியப்பா.

“அண்ணே, ஒரு வாட்டி ஏறிப் பாருங்க” என்றார் நண்பனின் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா படியில் வைத்த காலை எடுத்துவிட்டார். அவருக்குக் கார் வந்தது. எனக்கு முதுகில் ஒரு தட்டு கிடைத்தது, பெருமையாக இருந்தது.

‘பெயின்ட் ஜட்கா’ என்ற கேலி ஊரெல்லாம் பரவியது. பிறகு எந்தக் கல்யாண வீடும் அவரைக் கூப்பிடவில்லை. குதிரையை விற்றுவிட்டுத் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குப் போனார். மறுவருடம் பள்ளியை விட்டு மகனும் போனான்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியபோதுதான் அந்தச் சொல்லின் பிறப்பைப் படித்தேன். நம் சாரட்டு ஆங்கிலத்துச் சாரியட். அதுவும் காரும் வண்டியைக் குறித்த ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. போர்க்களத்தில் ஓடிய பழைய சாரியட்டுக்கு இரண்டே சக்கரம். நான்கு சக்கரம் பின்னாளில் பிரபுக்களுக்காக வந்தது. இன்று தலைவர்கள் கையசைத்துப் போகும் வேனும் ரதம், பிணம் ஏற்றும் வேனும் ரதம். யாரும் குறுக்கே நின்று திருத்துவதில்லை.

சென்ற மாதம் அந்தப் பள்ளி நண்பனைத் தேடிப் போனேன். ஷூ கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தான். “உங்கப்பா எழுதினதுதான் சரி. தப்பு என்னோடது” என்று தொடங்கி, லத்தீன் வரை விளக்கினேன்.

“முடிச்சிட்டியா?” என்றான். “சக்கரத்த யார்ரா எண்ணினா? குதிரைய விக்கக் கூடாதுன்னுதான் அப்பா அந்தப் பேர எழுதினாரு.”

இது எனக்கு அன்றும் தெரியாது. இத்தனை படித்தும் தெரியவில்லை. அந்தக் குதிரையை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.

“இன்னாத்துக்கு? அதுக்கும் அர்த்தம் பாக்கவா?”

குதிரையின் பெயரைக் கடைசிவரை அவன் சொல்லவில்லை.