கப்பல் கதை சொன்ன தபால் கந்தோர்க்காரர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் இரண்டு கடைகளுக்கு முதலாளியானவன் நான். வாய்ப்பேச்சில் எவரிடமும் தோற்றதில்லை.

அதற்கு முன்னர், அகதிகளாக வந்த எங்கள் ஆட்கள் குடும்பத்தைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பங்கள் அரசாங்கத்திடம் கிடப்பில் கிடந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்த மனைவிக்கு நான் எழுதும் கடிதத்தை நரைமீசை டேனிஷ்காரர் ஒருவர்தான் தபால் கந்தோரில் வாங்குவார். தராசில் இரண்டு தரம் வைப்பார். முத்திரை ஒட்டியபடி தபால் கப்பல் கதை சொல்லுவார்.

“அந்தக் காலத்தில அமெரிக்காவுக்குக் கடிதம் போக ரெண்டு கிழமைக்கு மேல. பொறுமை வேணும்.”

ஒருநாள் கால் நிலைகொள்ளாமல் நின்ற நான், உடைந்த டேனிஷில் கேட்டேன்:

“மனுசியைக் கூப்பிட எழுதிக் குடுத்து ஒன்றரை வருசம், ஐயா. கொப்பன்ஹேகனிலயிருந்து பதில் எந்தக் கப்பலில வருது?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அதோடு கப்பல் கதை நின்றது. என் கடிதத்தை மட்டும் மூன்று தரம் தராசில் வைத்தார். மனைவி வந்து சேர்ந்த பிறகும், அந்த மூன்றாம் தரம் கோபத்திலா கரிசனையிலா என்று எனக்குப் பிடிபடவில்லை.