பட்டியலில் இல்லாத சமையல்காரி

கிகோமாவிலிருந்து தங்கனீக்கா ஏரி வழியே அயல்நாட்டு முபுலுங்கு துறைமுகத்துக்குச் சிமெண்ட் ஏற்றிப்போகும் கப்பலில் ஒன்பது வருடமாகச் சுவேனாதான் சமையல். மக்காச்சோள மாவில் அவள் கிண்டும் உகாலிக் களிக்காகத்தான் பதினோரு மாலுமிகளும் அந்தக் கப்பலை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சம்பளத்துக்காக என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அன்று முபுலுங்குவில் புதுக் குடியேற்ற அதிகாரி சின்யாங்குவே பணியாளர் பட்டியலையும் கடவுச்சீட்டுகளையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். சுவேனாவிடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"சுவேனா கஷிந்தின்னு இதுல யாருமே இல்லையேம்மா. கப்பல் ஆளுங்களுக்கு வேலை அனுமதி வேணாம். ஆனா பட்டியல்ல இல்லாதவங்க இங்க அடுப்பு பத்த வச்சாலே தப்பு. திருப்பி அனுப்பிடுவோம், மறுபடி உள்ள விடமாட்டோம்."

கரையில் அனுமதிக்காத சமையல்காரியை எந்தக் கப்பல் வைத்துக்கொள்ளும்?

"சமையல்னு போட்டிருக்கும், நல்லாப் பாருங்க சார்!"

"போட்டிருக்கு. பேரு 'இத்ரிசா அம்மா'."

எப்போதும் பட்டியல் எழுதும் குமாஸ்தாவுக்குக் காய்ச்சல். இந்தத் தடவை எழுதியவர் கேப்டன் கசிம்பா. மூத்த மகன் இத்ரிசா பிறந்த நாளிலிருந்து ஊருக்கே அவள் இத்ரிசா அம்மாதான். அதிகாரி மாலுமிகளிடம் அவள் பெயரைக் கேட்டார்.

"இத்ரிசா அம்மா!" என்று பதினோரு பேரும் ஒரே குரலில் கத்தித் தொலைத்தார்கள்.

"ஒம்போது வருஷம் தின்னீங்களே, ஒருத்தனுக்காவது தெரியுதா பாரு!" என்று சீறியவள், அதிகாரியிடம் திரும்பினாள். "சார், உங்க வீட்டம்மாவ அக்கம்பக்கத்துல எப்படிக் கூப்பிடுவாங்க?"

"கபுங்கோ அம்மான்னு..."

"பாஸ்போர்ட்லயும் அப்படித்தான் போட்டிருக்கா?"

சின்யாங்குவேவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. புதுத் தாளை நீட்டினார். "கேப்டன், திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கூப்பிடற பேருக்கு ஒவ்வொருத்தரா முன்னால வரணும்."

கசிம்பா வியர்த்து விறுவிறுத்து எழுதிக் கொடுத்தார். அதிகாரி கூப்பிட்ட பதினோரு பெயர்கள் மளமளவென்று முடிந்தன.

"சுவேனா கஷிந்தி!"

யாரும் வரவில்லை. எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

"சுவேனா கஷிந்தி!"

"எவ அவ? சீக்கிரம் வந்து தொலையேன், எனக்கு அடுப்புல வேலை கெடக்கு!" என்று பின்னால் திரும்பி அதட்டினாள் சுவேனா.

கசிம்பா அவளை முழங்கையால் ஓர் இடி இடித்தார். ஒரு கணம் விழித்தாள். அப்புறம் துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி கூவினாள்:

"இருக்கேன் சார்! நான்தான்! சுவேனா நான்தான்!"