ஷூ பசையும் ஷபானா வீட்டுச் சுவரும்

போன சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு ஷபானா வாசலில் வந்து நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

“அக்கா, உங்க பைப்பு தண்ணி எங்க ஹால் சுவத்துல இறங்குது. என் பொண்ண பாக்க சாயங்காலம் வர்றாங்க. இப்பதான் பெயிண்ட் அடிச்சோம்...”

சத்துவாச்சாரியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பெண் பார்க்க வருகிறவர்கள் சுவரையும்தானே பார்ப்பார்கள்?

பின்பக்கம் ஓடினேன். பழைய இரும்பு பைப்பின் ஜாயின்ட்டைச் சுற்றி ஒரு தோல் துண்டு, பளபளவென்று பசையோடு. கார்ப்பரேஷன் தண்ணீர் வந்த வேகத்தில் அது வாயைப் பிளந்து பீய்ச்சிக்கொண்டிருந்தது.

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை. லேசாகச் சொட்டிய ஜாயின்ட்டை முந்தின நாளே எனக்குத் தெரியாமல் ‘ரிப்பேர்’ செய்திருக்கிறார்!

“வெளிநாட்டுக்குப் போற ஷூ சோலே பிரியறதில்ல. இந்தப் பைப்பு இன்னா பெருசு?” என்றார், அப்போதும்.

எங்கள் ஊர்ப்பக்கத்து வியாதி இது. குடைப்பிடி, மிக்ஸி மூடி, கிறிஸ்துமஸ் ஸ்டார்... எது உடைந்தாலும் சோல் ஒட்டுகிற பசைதான். ஷூவுக்குள் கார்ப்பரேஷன் தண்ணீர் பாய்வதில்லை என்று ஏன் ஒருவருக்கும் தோன்றுவதில்லை?

நான் பள்ளிக்கூட டீச்சர்தான். ஆனால் இந்த வீட்டுப் பைப்புகள் என் கைக்கு அடங்கும். மெயின் வால்வை மூடினேன். பசையைச் சுரண்டுவதுதான் பெரும்பாடு — தண்ணீரைத் தவிர எல்லாவற்றையும் கெட்டியாகப் பிடித்திருந்தது. ஜாயின்ட்டைக் கழற்றி, மரையில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டெஃப்லான் டேப்பை மரை ஏறுகிற திசையிலேயே சுற்றினேன்.

“இந்த ரெஞ்சால அந்தப் பக்கத்தப் புடிங்க. ஆடக் கூடாது” என்றேன் அவரிடம். பழைய பைப்பில் மறுபக்கத்தைப் பிடிக்காமல் இறுக்கினால், இங்கே நின்று அங்கே ஒழுகும்.

“மூச்சு வுடலாமா?”

“இப்ப வேணாம்.”

வால்வைத் திறந்தேன். ஜாயின்ட்டைத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு? ம்ஹூம்!

ஜம்பமாக ஷபானா வீட்டுக்குப் போனேன். ஹால் சுவரில், நாற்காலி உயரத்தில், தாம்பாளம் அகலத்துக்கு ஈரக் கறை. பைப்பைச் சரிசெய்துவிட்டேன், சாயங்காலத்துக்குள் சுவரைக் காயவைப்பது எப்படி?

ஷபானா சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். விறுவிறுவென்று ஒரு நாற்காலியை இழுத்துக் கறைக்கு முன்னால் போட்டாள்.

“பட்டுப் புடவை கட்டிக்கினு வாக்கா. இங்கயே உக்காரு. அவங்க போற வரைக்கும் எழுந்துக்காத!”

உட்கார்ந்தேன். டீ அங்கேயே, சமோசா அங்கேயே. பெரியவர்கள் உள்ளே வந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். நான் மட்டும் இளித்தபடி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

சம்பந்தம் பேசி முடித்தாயிற்று. பெண்ணைப் பிடித்ததாம், வீட்டையும் பிடித்ததாம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரே ஒரு குறைதானாம் —

“அந்த டீச்சரம்மாவுக்குத்தான் இன்னா திமிரு!”