பஸ் கொண்டுபோன கல்யாண மாலை

சாமியாத்தாள் ஹனூர்ப் பக்கத்துக்காரி. மைசூருக்கு வந்து பதினேழு வருஷம் ஒரு துணி ஃபேக்டரியில் சட்டைக் காலர் தைத்தாள். ஃபேக்டரியை மூடிய அன்று உடன் வேலை பார்த்தவர்கள் அழுதார்கள். இவள் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய்விட்டாள். லைசென்ஸ் வந்ததும் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்போது வயது நாற்பத்திரண்டு.

வண்டி எடுத்த மூன்றாம் நாள் காலை, மண்டி மொஹல்லாவில் ஒரு கல்யாண மாப்பிள்ளை ஓடிவந்து ஏறினான். பெயர் மதன். அவன் வந்த கார் சந்துக்குள் இரண்டு சரக்கு வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதாம். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரந்தான் இருந்தது. தலையில் ஜரிகைத் தலைப்பாகை, மடியில் ஆளுயர மாலை.

முதல் சிக்னலில் முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொடும்போது விளக்கு மஞ்சளானது. சாமியாத்தாள் பதறிப்போய் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தாள். ஆட்டோ நாற்சந்தியின் நடுவில் போய்க் குலுங்கி நின்றது. பின்னால் வந்த ஸ்கூட்டர் மயிரிழையில் விலகியது. மாலை நசுங்கிவிடக் கூடாதென்று மதன் அதை வெளியே நீட்ட, உரசினாற்போலப் போன டவுன் பஸ்ஸின் பின்கதவுக் கைப்பிடி அதைக் கொத்திக்கொண்டு போய்விட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான்.

பஸ்ஸைத் துரத்தினார்கள். அடுத்த சிக்னல் மஞ்சளானபோது கோடு இன்னும் தூரத்தில் இருந்தது. "மஞ்சள்தானே அக்கா, பேகா, சீக்கிரம் போங்க" என்று அவசரப்படுத்தினான் மதன். ஆனால் முன்னால் போன பஸ் நிதானமாக வேகம் குறைந்து கோட்டுக்கு முன்பே நின்றது. சாமியாத்தாளும் மெல்ல நிறுத்தினாள். மதன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். பஸ்ஸே விசிலடித்தது. கண்டக்டர் மாலையைக் கழற்றி அவன் கழுத்திலேயே போட்டு அனுப்பினார்.

மூன்றாவது சிக்னலிலும் மஞ்சள். கோடு காலடியில், முதுகுக்குப் பின்னால் ஒரு பால் வண்டி.

"நில்லுங்க அக்கா" என்றான் மதன், இந்த முறை.

"தூரத்துல இருந்தா நிக்கோணுங்க தம்பி. இத்தன கிட்ட வந்துட்டு நின்னா பால்வண்டி நம்ம மேல ஏறிப்போடும்" என்றவள் அதே வேகத்தில் தாண்டி அக்கரை சேர்ந்தாள். மறுபடி ஒரு முறை தாண்டலாமா என்றிருந்தது.

மண்டபத்தில் மணப்பெண் வினிதா கதையைக் கேட்டு, அலங்காரம் கலையக் கலையச் சிரித்தாள். அட்சதை விழுந்ததும் சாமியாத்தாளை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தங்களோடு படமெடுத்துக்கொள்ள வைத்தாள். பட்டுப்புடவைகளுக்கு நடுவே காக்கிச் சட்டை நின்றது. பந்தியில் ஒப்பட்டு என்கிற இனிப்புப் போளி மூன்று முறை வந்தது. மூன்றையும் அவள் மறுக்கவில்லை.

திரும்பும் வழியில், காலி வண்டியில், தூரத்தில் விளக்கு மஞ்சளாவதைப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்துக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் அழகாக நிறுத்தினாள். பின்னால் பைக்கில் வந்தவன் ஹாரனை விடாமல் அடித்தான். சாமியாத்தாள் திரும்பி அவனைப் பார்த்து வாய்கொள்ளாமல் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் அவனும் சிரித்துவிட்டான்.